மெய்ப்பாடும் ஒளிப்படமும்

நிழற்படம் என்பர் சிலர். புகைப்படம் என்பர் பலர். ஒளிப்படம் என்பர் கலைச்சொல் ஆக்குவோர். மூன்றும் ஒரு பொருளையே குறிப்பன. ஆயினும், எது பொருத்தமான பெயர் என ஆராயின், ஒளிப்படம் என்பதே பொருத்தமானது என்பது புலனாகும். இதற்குரிய ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்கம். ஒளி, எழுத்து என்னும் இரண்டு சொற்கள் அதிலே புணர்ந்து நிற்கின்றன. ஒளியால் எழுதப்படுவது என்பது கருத்து. புகைக்கு அங்கே இடமில்லை. மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி உண்டாக்கிய காலத்தில், உடன் எழுந்த புகையை நோக்கி அப்பெயர் வந்தது என்பாரும் உளர். அவ்வாறாயின், படத்தை விட்டுப் புகையைப் பற்றிக்கொண்டோம் என்க.

நிற்க. மல்லாவியிலே எவரும் இம்மூன்றில் ஒன்றையும் சொல்வதில்லை. 'படம்' என்பார்கள்; அல்லது 'போட்டோ' என்பார்கள். "ஒரு படம் எடுப்பம், வாருங்கோ" என்றால் எல்லார்க்கும் விளங்கும். விளங்கியதும் எல்லாருடைய முகமும் மாறும். அந்த முகமாற்றமே இக்கட்டுரைக்குப் பொருள்.

சற்று முன்வரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கமராவைக் கண்டவுடன் எழுந்து வரிசையாக நிற்பார்கள். கைகள் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்து நிமிரும். கண் இமைக்க மறுக்கும். ஆச்சி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொள்வார். சிறுவன் ஒருவன் சிரித்துவிட்டால், தகப்பனார் பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டுவார். கடித்த பல்லோடு அவரே படத்தில் விழுந்துவிடுவார். படம் வந்தபின் பார்த்தால், ஒரு குடும்பம் தீர்ப்புக்குக் காத்து நிற்பது போலத் தோன்றும்.

இந்த விறைப்பு நம்மவர்க்கே உரிய குறை அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1839ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்தில் தாகேர் என்பவரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலே உருவத்தைப் பதிக்கும் முறை அது. நல்ல வெயிலிலும் உருவம் பதியப் பல நிமிடங்கள் சென்றன. அத்தனை நேரமும் அசையாதிருத்தல் வேண்டும். அசைந்தால் முகம் கலங்கிவிடும். ஆகவே, இருப்பவரின் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்தி, அதன் கவ்வியைப் பிடரியிலே பொருத்துவது வழக்கமாயிற்று. பிடரியில் இரும்பை வைத்துக்கொண்டு சிரித்தல் யோகிகளுக்கே இயலும். மேலும், சிரிப்பு நெடுநேரம் நில்லாது. நெடுநேரம் நிற்பது சிரிப்பும் அன்று. ஆதலால், வாய் மூடிய இறுகிய முகமே படத்துக்குரிய முகமாயிற்று.

பின்னர் ஈரத்தகடு வந்தது, நிமிடங்கள் விநாடிகளாயின. 1871இல் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். பிறர் அதனைத் திருத்தியபின் விநாடியும் கூறுபட்டது. 1888இல் அமெரிக்கரான ஈஸ்ற்மன், கோடாக் என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டார். விலை 25 டொலர். அதனுள் இருந்த சுருளிலே 100 படம் எடுக்கலாம். பின் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பினால், அச்சிட்ட படங்களும் புதுச்சுருள் இட்ட பெட்டியும் திரும்பி வரும். 1900இல் வந்த பிறவுணிப் பெட்டிக்கு விலை ஒரு டொலரே. கமரா படப்பிடிப்பு நிலையத்தை விட்டு வீட்டு வாசலுக்கு வந்த கதை இது. அசையாது நிற்கவேண்டிய காரணம் நீங்கி நூறாண்டுக்கு மேலாயிற்று. காரணம் போயிற்று, காரியம் போகவில்லை.

நம் பாட்டன்மார் காலத்துப் படங்கள் எஞ்சியிருப்பின் எடுத்துப் பாருங்கள். பின்னே ஒரு திரைச்சீலை. அதிலே மாளிகைப் படியும் பூந்தொட்டியும். முன்னே கதிரையிற் கணவர். அருகே நின்றபடி மனைவி. சிறு மேசையின்மேல் ஒரு புத்தகம். மணிக்கூடு கட்டிய கை தவறாது முன்னே நீளும். கமம் அதில் இல்லை; கிணறு இல்லை; மாடு இல்லை; வீடு இல்லை. அவர்கள் வாழ்ந்த வாழ்வு முழுவதும் அந்தத் திரைக்குப் பின்னே நின்றுவிட்டது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயுளில் ஒருமுறை எடுக்கும் படத்திலே மாளிகைப் படியில் நிற்க ஆர்க்குத்தான் ஆசை இல்லை!

வீட்டிலே வைத்து வீட்டாரையும் அயலாரையும் படமெடுத்துப் புகழ்பெற்ற ஓர் அம்மையார் இலங்கை மண்ணிலேயே அடங்கியிருக்கின்றார். அவர் யூலியா மார்கிரற் கமரன். கமரனின் மனைவி கையிற் கமரா என்றால் சிலேடை போலத் தோன்றும், உண்மை அதுவே. அவர் கணவரான சாள்ஸ் கமரன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன். சரித்திர பாடத்தில் அப்பெயரை மனனஞ் செய்த மாணவர் எத்தனையோ பேர்; மனைவியாரை அறிந்தவர் சிலரே. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த அம்மையார்க்கு, 48 வயதிலே மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். அதுவரை அவர் அக்கலையைப் பயின்றவரல்லர். இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த தம் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார்; நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாக்கினார். வீட்டுப் பணிப்பெண், அயல்வீட்டுக் குழந்தை, மகாகவி டெனிசன் ஆகிய எல்லாரும் அக்கோழிக்கூட்டில் இருந்தவர்களே. படங்களில் துலக்கம் இல்லை என்று வல்லுநர் நகைத்தனர். அம்மையார் தளரவில்லை. அவர் தேடியது வேறு.

1875இல் அக்குடும்பம் இலங்கைக்கு வந்தது. களுத்துறையிலே தம் வீட்டில், இந்நாட்டு மக்களை அவர் படமெடுத்தார். தமிழ்த் தொழிலாளரும் அவருள் இருந்தனர். 1877இல் அங்கே விருந்தாக வந்த மரியான் நோத் என்னும் ஓவியரையும் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவிலே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் எடுத்த படங்களுள் மிகச் சிலவே இன்று கிடைக்கின்றன. கிடைத்தவற்றைப் பார்க்கும்போது ஒன்று நெஞ்சை உறுத்தும். ஓவியரின் பெயர் படத்தோடு நிற்கின்றது. நம்மவர் முகங்களுக்குப் பெயர் இல்லை. 'களுத்துறைக் குடியானவர்' என்னும் அளவில் ஒரு படத்தின் தலைப்பு முடிந்துவிடுகின்றது. அந்தக் கண்களும் கைகளும் நூற்றைம்பது ஆண்டுகளாக நம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் ஆர் என்று சொல்வார் இல்லை. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

அம்மையார் தேடியது யாது? நம் நூலிலே அதற்கு ஒரு பெயர் உண்டு: மெய்ப்பாடு. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் அதற்கு ஓர் இயலே வகுத்தார். உள்ளத்திலே நிகழ்வது உடம்பிலே தோன்றிக் கண்டார்க்குப் புலனாதல் மெய்ப்பாடு. அது எட்டு வகைப்படும்; ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களத்திற் பிறக்கும்; ஆக முப்பத்திரண்டு. நகை பிறக்கும் இடங்களுள் இளமையும் ஒன்று. உவகை பிறக்கும் இடங்களுள் விளையாட்டும் ஒன்று. இதிலே கவனிக்கத்தக்கது ஒன்று உளது. நகைக்கு நிலைக்களன் சொன்ன ஆசிரியர் ஏவலை அவற்றுள் ஒன்றாகச் சொல்லவில்லை. "சிரி" என்று ஏவச் சிரித்தால், உள்ளே ஒன்றும் நிகழவில்லை. உதடு மாத்திரம் விரிகின்றது. அது மெய்ப்பாடன்று, பொய்ப்பாடு.

இக்காலத்திலே மெய்ப்பாட்டை முற்றாக விலக்கிய படமும் ஒன்று வந்துள்ளது. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் உரிய படத்திலே வாய் மூடியிருத்தல் வேண்டும், சிரித்தல் ஆகாது, முகம் நேரே நோக்குதல் வேண்டும். முப்பத்திரண்டில் ஒன்றேனும் தோன்றலாகாது என்பது விதி. ஓர் ஆளை மற்றோர் ஆளிலிருந்து பிரித்தறிய அது போதும். தாய் மகனை நினைக்க அது போதுமா என்பதே கேள்வி. வன்னியிலே அது வெறுங்கேள்வி அன்று.

1950களிலும் 1960களிலும் வவுனிக்குளத்து நீரை நம்பி இப்பகுதியிற் குடியேறியவர்கள் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். 1996இல் கிளிநொச்சியை விட்டு வந்தவர்களுக்கு மல்லாவி புகலிடம் கொடுத்தது. 2008இல் மல்லாவியே எழுந்து நடந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்றவர்கள் ஒவ்வோர் இடத்திலும் சிலவற்றை விட்டுச் சென்றனர். அரிசி வேண்டும், தறப்பாள் வேண்டும், பாத்திரம் வேண்டும். அல்பம் பாரமான பொருள். சிலர் அதனை மண்ணிற் புதைத்தனர். சிலர் நான்கைந்து படங்களை உருவி மடியிற் செருகினர். நந்திக்கடல் நீரிலே அவை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. படப்பிடிப்பு நிலையங்களும் தப்பவில்லை. பொலித்தீன் பையிலே பத்திரமாக வந்தவை பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையுமே. 2009இல் மெனிக் பாம் முகாம்களைச் சென்றடைந்த பல குடும்பங்களிடம், குடும்பத்தின் நினைவாக எஞ்சியது அலுவலகம் கேட்ட முகம்.

போர் ஓய்ந்தபின்னும் படமெடுப்பு ஓயவில்லை. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடு வீடாகப் பதிவு செய்து, வீட்டாரை நிறுத்திப் படமெடுத்தனர்; 2011இல் அது உயர்நீதிமன்றம் வரை சென்றது. குடும்பத்தோடு முற்றத்தில் நின்று படம் எடுப்போம் என்றால், சிலர்க்கு அந்நாளே நினைவுக்கு வரும். அவர்கள் முகம் இறுகுவதற்கு தாகேரின் தகட்டைக் காரணமாகச் சொல்லுதல் பொருந்தாது.

2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தாய்மார் கைகளில் உள்ள படங்களை உற்றுப் பாருங்கள். பாடசாலைச் சீருடையோடு எடுத்த படம் ஒன்று. அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த படம் ஒன்று. கலியாண வீட்டுப் படத்தில் வெட்டியெடுத்த முகம் ஒன்று. அதன் ஓரத்திலே வேறொருவர் தோள் பாதி தெரியும். மகன் எப்படிச் சிரிப்பான் என்பது தாய்க்குத் தெரியும். படத்துக்குத் தெரியாது.

என் தொழிலினாலும் இதனை அறிவேன். மரணம் நிகழ்ந்த முப்பத்தோராம் நாளிலே கல்வெட்டு வெளியிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. தமிழ் படித்தவன் என்னும் பெயரால், அதற்குப் பாட்டுக் கேட்டு வருவார்கள். பாட்டை எழுதிவிடலாம். தேற்றமும் புலம்பலும் யாப்பில் அடங்கும். அட்டையில் இடுவதற்கு ஒரு படம் கேட்டால், வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பின்னர், சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார்கள். எழுபது ஆண்டு வாழ்ந்து, ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஊர் கூடிச் சிரிக்கக் கதை சொன்ன ஒரு மனிதர், விரல்நகம் அளவிலே, திருடனைப் போல விழித்துக்கொண்டிருப்பார். "இதைக் கொஞ்சம் பெருப்பிக்கலாம்தானே, ஐயா?" என்று கேட்பார்கள். பெருப்பிக்கலாம். அந்த விழிப்பும் உடன் பெருக்கும்.

ஆகையால், எல்லாரும் உயிரோடும் ஒன்றாகவும் இருக்கும் நாளிலே, வீட்டிலே, அவசரமின்றிப் படமெடுத்தல் வேண்டும் என்கிறேன். இது ஆடம்பரம் அன்று.

சென்ற தைப்பொங்கலன்று எங்கள் வீட்டில் அது நிகழ்ந்தது. பொங்கலைவிட நல்ல நாள் இதற்கு இல்லை. யாவரும் வந்திருப்பர், முழுகியிருப்பர், முற்றம் கூட்டிக் கோலமிட்டிருக்கும். காலை வெயில் சாய்ந்து விழும். நண்பகல் வெயிலோ கண்ணைச் சுருக்கி, புருவத்தின் கீழே கருநிழலைக் கட்டிவிடும். காலையிலும் சூரியனுக்கு நேர்முகமாக இருத்தினாற் கண் கூசும். என் மருமகன் விஞ்ஞான ஆசிரியர். அவர் எல்லாரையும் வேப்பமர நிழலின் ஓரத்துக்கு வரச் செய்தார். நிழலில் இருப்பவர் முகத்திலே, வெண்மணலிற் பட்ட வெயில் மேல்நோக்கி மெல்லத் தெறித்தது. ஒளியால் எழுதுதல் என்பதன் பொருளை அன்று கண்ணாரக் கண்டேன்.

நான் வழக்கம்போல எழுந்து சால்வையைச் சரிசெய்தேன்.

"மாமா, எழும்ப வேண்டாம். இருந்தபடி இருங்கோ. கதையுங்கோ" என்றார்.

என் தாயார் பாக்குரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கமராவைக் கண்டதும் உரலைப் பின்னே மறைத்தார். "இந்தப் பொக்கை வாயைப் படமெடுத்து ஆருக்குத் தம்பி காட்டப் போறியள்?" என்றார். மருமகன் மறுமொழி சொல்லவில்லை. கமராவைக் கீழே வைத்துவிட்டார். தேநீர் வந்தது. அரைமணி நேரம் ஒருவரும் படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பின்பு பேரன் தாயாரின் மடியிலே சாய்ந்து, "பூட்டி, அந்த யானைக் கதையைச் சொல்லுங்கோ" என்றான். குளக்கட்டிலே யானை துரத்த, என் தகப்பனார் வேட்டியைக் கைவிட்டு ஓடிய கதை அது. நூறு முறை சொன்ன கதை. தாயார் உரலை முன்னே இழுத்துவைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வேட்டி விழும் இடம் வந்தது. வாயை மறைக்கக் கை எழவில்லை. அந்தப் படம் இப்போது எங்கள் விறாந்தையில் இருக்கின்றது. அதிலே பல் இல்லை, அவர் இருக்கின்றார்.

மருமகனிடம் கற்ற வேறு சிலவும் உண்டு. குழந்தையைப் படமெடுப்பவர் மண்ணிலே குந்தியிருத்தல் வேண்டும். நின்று எடுத்தால் உச்சந்தலையே விழும். முகம் மாத்திரம் போதாது. பாக்கு இடித்த கையை அவர் தனியே எடுத்தார். எல்லாரும் சேர்ந்த படத்தை முதலில் எடுக்கவில்லை; கூச்சம் கரைந்தபின், ஈற்றில் எடுத்தார். குடும்பப் படங்களிலே பெரும்பாலும் இல்லாதவர் இருவர். படம் எடுத்தவர் ஒருவர். அடுக்களையில் நின்றவர் மற்றவர். என் மனைவியார் "அடுப்பில கறி" என்று மூன்று முறை தப்பினார். நாலாம் முறை நாங்கள் எல்லாரும் அடுக்களைக்குச் சென்றோம். தேங்காய் துருவிக்கொண்டு அவர் எங்களை ஏசிய படம் நன்றாக வந்துள்ளது. வெகுளியும் மெய்ப்பாடே. மருமகன் வரும் படத்தை மகள் எடுத்தாள். அது சற்றே சரிந்து விழுந்தது. இருக்கட்டும்.

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்றும், மூவராக நின்றால் ஒருவர்க்கு ஆகாது என்றும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயுளைக் குறைத்தவை எவை என்பது இம்மண்ணுக்குத் தெரியும். கமரா அவற்றுள் ஒன்றன்று. அச்சம் உடையவர்கள் நால்வராக நிற்கலாம். வேறொரு சாரார், இப்பொழுதுதான் கைத்தொலைபேசியில் நாள்தோறும் எடுக்கிறோமே என்பர். எடுக்கிறார்கள். ஆயிரம் படம் கையில். ஒன்றேனும் சுவரில் இல்லை. தொலைபேசி நீரில் விழுந்த அன்று குடும்பத்தின் பத்தாண்டும் உடன் மூழ்கும். எடுத்தவற்றில் நல்லன பத்தைத் தெரிந்து தாளில் அச்சிடுதல் வேண்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். இங்கே எல்லாம் அழிந்தபின், அங்கிருந்து மீண்டு வந்த பழைய படங்களைக் கண்டு அழுதவர்கள் இப்பகுதியில் உளர். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டாதீர்கள். அப்பசை நாளடைவிலே படத்தைக் கெடுக்கும். நனைந்து ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லப் பிரித்து, முகம் மேலாக நிழலில் உலரவிடுங்கள். எல்லாம் பிழைக்கும் என்பதற்கில்லை, சில பிழைக்கும்.

பெயர் எழுதுங்கள். களுத்துறைக் குடியானவரை மறவாதீர்கள். பழைய படத்தின் பின்னே பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். இக்காலத்து வழவழப்பான தாளிலே பென்சில் பற்றாது. தனித்தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வைத்தல் நன்று. ஆண்டு, ஊர், இடமிருந்து வலமாகப் பெயர்கள்.

எங்கள் படத்துக்குரிய தாளைப் பேரனே எழுதினான். தன் பெயர், தாய் தந்தையர் பெயர், எங்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி, 'பூட்டி' என்று எழுதி நிறுத்தினான். அதுவே அவர் பெயர் என்று எட்டு வயதுவரை எண்ணியிருக்கின்றான். தாயார் தம் பெயரைச் சொன்னார்; அவன் எழுத்துக் கூட்டி எழுதினான். "பிறந்த ஊர்?" என்றான். சொன்னார். அவன் தாளை மடிக்கப் போனான்.

"பொறு மோனை. என்ரை அப்புவின்ரை பேரையும் அதிலை எழுது. அவருக்குப் படம் ஒண்டும் இல்லை."

எழுதினான்.